மூக்கெலும்பு முறிந்து நான்கு நாள்: இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள், பொறுக்கலாமா?

கவி_செந்தூல் | வியாழன், இரவு 9:20

வணக்கம். என் தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 22. ஞாயிறு இரவு ஃபுட்சால் விளையாடும்போது எதிரணிப் பையனின் முழங்கை நேராக மூக்கில் பட்டுவிட்டது. டக்கென்று சத்தம் கேட்டதாம். சட்டையெல்லாம் ரத்தம். பக்கத்தில் இருந்த 24 மணி நேர கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். "சின்ன விரிசல்தான், வீக்கம் வடியட்டும், இரண்டு வாரம் கழித்து வாங்க" என்று வலி மாத்திரையும் மூன்று நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்பு) கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இன்று வீக்கம் பாதி வடிந்துவிட்டது. இப்போதுதான் தெரிகிறது, மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் தொட்டால் ஒரு பள்ளம். இடது துவாரத்தில் மூச்சே போகவில்லை என்கிறான். கிள்ளானில் எலும்பு பிடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறார். ஆம்பளைப் பிள்ளைக்கு மூக்கு கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன என்கிறார் அப்பா. எனக்குத்தான் மனது ஆறவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பிறை_மோட்டார்காரன் | வியாழன், இரவு 9:41

அக்கா, பொறுக்க வேண்டாம். நான் பொறுத்தவன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மூக்கு உடைந்தபோது எனக்கும் இதையேதான் சொன்னார்கள். கை முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்ததில் மூக்கை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஐந்தாவது வாரம் நிபுணரிடம் போனபோது, "எலும்பு கூடிவிட்டது தம்பி, இனி சும்மா நிமிர்த்த முடியாது, திரும்ப உடைத்துத்தான் சரி செய்ய வேண்டும்" என்றார். அதற்கப்புறம் நான் பட்டது பெரிய கதை, அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் நாளைக் காலையிலேயே ஜி.எச்.க்கு, அதாவது அரசு மருத்துவமனைக்கு, கூட்டிக்கொண்டு போங்கள்.

---

ஓய்வு_மிஸ்ஸி | வியாழன், இரவு 10:05

கவி, நான் 26 வருடம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்தவள். அதில் பாதிக்கு மேல் காது மூக்கு தொண்டை வார்டில். கோணலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்றிரவு ஒன்றை மட்டும் பார்த்துவிடம்மா.

தம்பியை உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, கைப்பேசி விளக்கை மூக்குக்குள் அடித்துப் பார். இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர், மூக்குத் தண்டு என்கிறோமே, அது மெல்லிய தகடு போல இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ நாவல்பழம் போலக் கருஞ்சிவப்பாக, மெத்தென்று உப்பித் துவாரத்தை அடைத்திருந்தால் விடியும்வரை காத்திருக்காதே. இப்போதே எமர்ஜென்சிக்குப் போ.

காரணம் இதுதான். தண்டின் முன்பகுதி குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கிற சவ்விலிருந்து ஊறுவதுதான் அதற்குச் சாப்பாடு. அடிபட்டதில் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் தேங்கிவிட்டால் அந்தச் சாப்பாடு நின்றுபோகும். மூன்று நான்கு நாளில் குருத்தெலும்பு அழுக ஆரம்பிக்கும், சீழும் பிடிக்கும். தாங்குகிற தூண் போய்விட்டால் மூக்கின் நடுப்பகுதி குதிரைச் சேணம் மாதிரி உள்ளே விழுந்துவிடும். அந்த ரத்தத்தைக் கீறி வெளியே எடுப்பது சின்ன வேலைதான். நேரத்தில் செய்யாவிட்டால் வரும் கேடு பெரியது. என் அனுபவத்தில் மூக்கில் அடிபட்டவர்களிடம் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். எல்லோரும் வெளியே பார்க்கிறார்கள், உள்ளே விளக்கடித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இன்னொன்றும் கேள். மூக்கிலிருந்து பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக, குனிந்தால் சொட்டுச் சொட்டாக ஏதாவது வருகிறதா? தொண்டையில் உப்புக் கரிக்கிறதா? அப்படி வந்தால் அது சளியாக இருக்காமல் மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். மூக்கைச் சிந்தவே கூடாது. பொருள் இரட்டையாகத் தெரிவது, பல் வரிசை சேராமல் கடிப்பது, கன்னம் மரத்துப்போவது, இதில் ஏதாவது இருந்தால் உடைந்தது மூக்கு மட்டும் இல்லை என்று அர்த்தம்.

---

கவி_செந்தூல் | வியாழன், இரவு 10:38

மிஸ்ஸி அக்கா, பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி கருஞ்சிவப்பு வீக்கம் எதுவும் தெரியவில்லை. ஆனால் நடுச்சுவர் இடப்பக்கம் வளைந்து துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் இல்லை. தண்ணீர் வரவில்லை. நான் பார்த்தது சரியா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

---

ஓய்வு_மிஸ்ஸி | வியாழன், இரவு 10:44

உப்பலும் வளைவும் வெறும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். டாக்டர் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பார்த்தால் சொல்லிவிடுவார். வளைந்த தண்டு கெட்டியாக இருக்கும், ரத்தக்கட்டு அமுங்கும். நீயே குச்சி விட்டுப் பார்க்காதே. காய்ச்சல் இல்லை என்பது நல்லது. இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கச் சொல். காலையில் முதல் வேலையாகப் போய்விடுங்கள்.

---

கெப்போங்_அப்பா | வெள்ளி, காலை 6:52

மிஸ்ஸி சொன்ன ரத்தக்கட்டு என் மகளுக்கு வந்தது. ஆறு வயதில் பள்ளி விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் பலகை மோதியது. வெளியே மூக்கு வீங்கக்கூட இல்லை. ரத்தம் ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுநாள் இரவு வாயைத் திறந்துகொண்டே தூங்கினாள், மூக்கைத் தொட்டால் அலறினாள். அதைச் சளி என்றே நினைத்தோம். என் மனைவிக்குத்தான் சந்தேகம் வந்தது. எமர்ஜென்சியில் பார்த்த டாக்டர் விளக்கடித்தவுடனே காது மூக்கு தொண்டைப் பிரிவை அழைத்தார். அன்றே மயக்கம் கொடுத்துக் கீறி எடுத்தார்கள். ரத்தம் மறுபடி தேங்காமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்தார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. குழந்தைகளுக்கு எலும்பு மெத்தென்று இருப்பதால் முறியாமலே உள்ளே இப்படி நடக்கலாம் என்றார்கள். பிள்ளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

அம்பாங்_தோழி | வெள்ளி, காலை 9:15

ஆபரேஷன் இல்லாமலும் வழி இருக்கிறது கவி. என் தோழிக்குச் சின்ன வயதில் விழுந்து மூக்கில் பள்ளம். ஒரு பியூட்டி சென்டரில் ஃபில்லர் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் நேராக்கிவிட்டார்கள். வலியும் இல்லை, கட்டும் இல்லை. கேட்டுப் பாருங்கள்.

---

வார்டு_டாக்டர் | வெள்ளி, மதியம் 1:10

அரசு மருத்துவமனை ஒன்றின் ஓ.ஆர்.எல். (காது மூக்கு தொண்டை) பிரிவில் மருத்துவ அதிகாரியாக இருக்கிறேன். நிபுணர் அல்ல. ஆனாலும் வாரம் தவறாமல் இப்படி மூக்குகளைப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஃபில்லர். தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இது ஆபத்தான யோசனை. மூக்கின் மேல் ஓடுகிற ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. ஊசி மருந்து குழாய்க்குள் போய்விட்டால் மூக்கு நுனித் தோல் கறுத்து அழுகலாம், பார்வையே போய்விடலாம். அடிபட்ட மூக்கில் தழும்பும் இடம் மாறிய குழாய்களும் இருப்பதால் அபாயம் இன்னும் கூடும். அப்படியே ஒன்றும் ஆகாமல் போனாலும் ஃபில்லர் பள்ளத்தை மறைக்குமே தவிர எலும்பை நகர்த்தாது. உள்ளே அடைத்திருக்கும் தண்டு அப்படியே இருக்கும், மூச்சு அப்படியே அடைக்கும். மருத்துவர் அல்லாத ஒருவர் பியூட்டி சென்டரில் ஊசி போடுவது நம் மலேசியாவில் சட்டப்படி குற்றமும் கூட.

அடுத்தது எக்ஸ்ரே. மூக்கெலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே பெரிதாக உதவாது. எலும்பில் இயற்கையாக இருக்கிற இணைப்புக் கோடுகளும் நரம்பு போகிற பள்ளமும் விரிசல் போலவே தெரியும். உண்மையான முறிவு சில சமயம் தெரியாமலும் போகும். குருத்தெலும்பு அதில் தெரியவே தெரியாது. அதனால் படத்தில் சின்ன விரிசல் என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. பார்ப்பதும் தொடுவதும்தான் முக்கியம். முகத்தில் வேறு எலும்புகளும் உடைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்போம்.

வீக்கம் வடியட்டும் என்று அந்த கிளினிக்கில் சொன்னது சரி. இரண்டு வாரம் என்றதுதான் தவறு. வீங்கிய மூக்கில் எது கோணல், எது வீக்கம் என்று தெரியாது. எனவே மூன்று முதல் ஐந்து நாள் விட்டு மறுபடி பார்ப்போம். கோணல் இருந்தால், பெரியவர்களுக்கு அடிபட்ட நாளிலிருந்து 7 முதல் 10 நாளுக்குள், மிஞ்சிப்போனால் 14 நாளுக்குள் நிமிர்த்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் உடைந்த முனைகளை நார்த்திசு பற்றிக்கொண்டுவிடும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் கூடும், ஒரு வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்போம். கவி, உங்கள் தம்பிக்கு இன்று ஐந்தாம் நாள். சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

போகும்போது அடிபடுவதற்கு முன் எடுத்த படங்களைக் கொண்டு போங்கள். ஐ.சி. (அடையாள அட்டை) படம், லைசென்ஸ் படம், கல்யாண வீட்டில் பக்கவாட்டில் எடுத்தது, எதுவானாலும் பரவாயில்லை. பலருடைய மூக்கு பிறவியிலேயே கொஞ்சம் சாய்ந்திருக்கும். பழைய நிலை தெரியாமல் எதற்கு நேராக நிமிர்த்துவது?

---

கவி_செந்தூல் | வெள்ளி, மாலை 5:33

டாக்டர், மிஸ்ஸி அக்கா, எல்லோருக்கும் நன்றி. காலை ஏழரைக்கு ஜி.எச். போனோம். பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). அவசரமில்லாதவர்களுக்கான பச்சை மண்டலத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம், ஆனால் பார்த்தவர் நன்றாகப் பார்த்தார். உள்ளே பஞ்சுக் குச்சியால் தொட்டார். ரத்தக்கட்டு இல்லை. அங்கிருந்தே ஓ.ஆர்.எல். கிளினிக்குக்கு அனுப்பினார்கள். மூக்கெலும்பு இடப்பக்கம் விலகியிருக்கிறது, தண்டும் சேர்ந்து வளைந்திருக்கிறது என்றார்கள். அடுத்த செவ்வாய் நிமிர்த்த நாள் கொடுத்திருக்கிறார்கள். அது ஒன்பதாம் நாள்.

இரண்டு கேள்வி. முழு மயக்கமா, மரத்துப்போகிற ஊசியா என்று எங்களையே யோசிக்கச் சொன்னார்கள். எது நல்லது? அப்புறம், "முழுக்க நேராகும் என்று உறுதி சொல்ல முடியாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மா மறுபடி கிள்ளான் வைத்தியர் பேச்சை எடுத்துவிட்டார்.

---

வார்டு_டாக்டர் | வெள்ளி, இரவு 8:47

எலும்பு மட்டும் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் மரத்துப்போகிற ஊசியிலேயே செய்துவிடலாம், பலன் ஏறக்குறைய ஒன்றுதான். தம்பிக்குத் தண்டும் வளைந்திருக்கிறது. தண்டைப் பிடித்து நிமிர்த்தும்போது வலிக்கும், அவர் அசைவார், செய்கிறவர் பாதியில் கையை எடுத்துவிடுவார். அதனால் நானாக இருந்தால் முழு மயக்கத்தைத் தேர்ந்தெடுப்பேன்.

செய்வது என்ன என்று சொன்னால் அம்மாவுக்கும் புரியும். உள்ளே அமுங்கிய எலும்பை மூக்குக்குள்ளிருந்து தட்டையான ஒரு நெம்பியால் தூக்க வேண்டும், வெளியே கட்டைவிரல் வழிகாட்டும். கருவியை விடுவதற்கு முன் வெளியே மூக்கின் மேல் வைத்து அளந்துகொள்வார்கள். மூக்கின் வேர் வரைக்கும் போகக்கூடாது, மேலே மண்டையோட்டின் அடித்தளம் இருக்கிறது. பிறகு வால்ஷம் இடுக்கியால் பக்கவாட்டு எலும்பைப் பிடித்து, முதலில் கொஞ்சம் வெளிப்புறமாக விடுவித்து, அப்புறம் இடத்தில் உட்கார வைப்பார்கள். ஆஷ் இடுக்கி தண்டுக்கு. அதன் இரண்டு அலகுகளும் இரண்டு துவாரத்திலும் போய்த் தண்டை நடுவில் பிடித்து நேராக்கும். மொத்தமே பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இதை வெளியிலிருந்து எண்ணெய் போட்டு உருவிச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே அமுங்கியதை வெளியே நின்று அழுத்தினால் இன்னும்தான் அமுங்கும்.

உறுதி சொல்ல மாட்டேன் என்றது நேர்மை. மூடிய முறையில் நிமிர்த்தியவர்களில் 14 முதல் 50 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கோணல் மிச்சமிருந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம், யாருடைய முறிவு, யார் பார்த்தது, எதைக் கோணல் என்று எண்ணினார்கள் என்பதெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதுதான். ஆனால் மிச்சக் கோணலுக்கு முதல் காரணம் எது என்று கேட்டால் தண்டு என்றே சொல்வேன். எலும்பை மட்டும் நிமிர்த்திவிட்டுத் தண்டை வளைந்தபடியே விட்டால், வளைந்த கொம்பில் கட்டிய கூடாரம் மாதிரி, சில வாரத்தில் அது மூக்கை மறுபடி தன் பக்கமே இழுத்துக்கொள்ளும். மூக்கு தன் அகலத்தில் பாதிக்கு மேல் விலகியிருந்தால் தண்டும் உடைந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எனவே செவ்வாய்க்கிழமை கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "தண்டையும் சேர்த்துப் பார்ப்பீர்களா?"

---

ஓய்வு_மிஸ்ஸி | வெள்ளி, இரவு 9:20

கவி, அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். சுளுக்கு, தசைப்பிடிப்பு என்றால் எண்ணெய் போட்டு உருவுவதில் எனக்கும் மறுப்பு இல்லை, என் அம்மா எனக்கு உருவிவிட்ட கை அது. ஆனால் உருவிக்கொண்டு வந்து ரத்தம் நிற்காமல் எங்கள் வார்டில் படுத்தவர்களை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெற்ற மனது துடிக்கத்தான் செய்யும். செவ்வாய்க்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, டாக்டரே நேரில் சொல்லட்டும்.

மயக்கம் என்றால் முதல் நாள் நள்ளிரவிலிருந்து பட்டினி. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறானா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

பிறை_மோட்டார்காரன் | சனி, இரவு 11:02

சொன்னபடி என் கதை. நேரத்தைத் தவறவிட்டவர்கள் இதைப் படித்தாவது அவசரப்படாமல் இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஐந்தாவது வாரம் முடியாது என்றவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இனி குறைந்தது ஆறு மாதம் பொறு, தழும்பு இளகட்டும், அப்புறம் தண்டையும் மூக்கையும் சேர்த்து ஒரே ஆபரேஷனில் செய்யலாம் என்றார். எனக்குப் பொறுமை இல்லை. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். பெண் வீட்டார் படம் கேட்கிறார்கள், எனக்குக் கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. மூன்றாவது மாதமே, குறைந்த விலையில் செய்கிறார் என்று கேள்விப்பட்டு வேறொருவரிடம் போனேன். அவர் மூக்குக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் படம் ஒன்று எடுத்தார், கணினியில் அழகாக மாற்றிக் காட்டினார், நாள் குறித்தார். அந்த மாற்றிய படத்தில் மயங்கிவிட்டேன்.

அவர் மேட்டை மட்டும் சீவிவிட்டார். பக்கவாட்டு எலும்புகளை உடைத்து நடுவில் சேர்க்கவில்லை. மேட்டைச் சீவினால் மேலே கூரை திறந்துவிடும், சுவர்களை உள்ளே தள்ளி மூட வேண்டும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. வளைந்த தண்டு வளைந்தபடியே கிடந்தது. வீக்கம் வடிந்தபோது மூக்கு மேலே தட்டையாக, நடுவில் இரண்டு பக்கமும் கிள்ளிவிட்டது போல ஆனது. அதைவிடக் கொடுமை மூச்சு. ஆழமாக இழுத்தால் பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். படியேறினால் வாயால்தான் மூச்சு. இரவெல்லாம் வாய் வறண்டு எழுந்து உட்காருவேன். கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் மட்டும் காற்று போகும். அப்படிப் பிடித்துக்கொண்டே தூங்கிய இரவுகள் உண்டு.

ஒன்றரை வருடம் கழித்துப் பினாங்குத் தீவில் ஒருவரிடம் போனேன். முதல் சந்திப்பில் அவர் கேட்டது "எப்படி இருக்க வேண்டும்" என்று அல்ல, "எப்படி மூச்சு விடுகிறாய்" என்று. உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தார். முகத்தை நேராக, இரண்டு பக்கமும், முக்கால் பக்கமும், கீழிருந்தும் படம் எடுத்தார். தண்டின் முன்பக்கமும் மேல்பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டுத்தான் உள்ளே வெட்டி எடுக்க முடியும், அந்தச் சட்டம்தான் மூக்கைத் தாங்குகிறது, அதைக் கூடுதலாக வெட்டினால் மூக்கு உட்கார்ந்துவிடும் என்று தாளில் வரைந்து காட்டினார். என் தண்டிலிருந்து எடுத்தது போதாமல் காதிலிருந்தும் கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து, இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி வைத்து, இடுங்கிப்போன காற்றுப் பாதையைத் திறந்தார். எலும்பைத் திரும்ப உடைத்துச் சேர்த்தார். மூன்றரை மணி நேரம் ஆனது. "முதலில் செய்ததைச் சரி செய்வதுதான் கடினம், தழும்புக்குள் வழி தேட வேண்டியிருக்கிறது" என்றார். நூற்றுக்கு நூறு நேராகும் என்று அவர் சொல்லவே இல்லை. வீக்கம் முழுக்க வடிய ஒரு வருடம் ஆகும் என்று முன்பே சொன்னார், அப்படியே ஆனது.

இன்று சின்னக் கோணல் இருக்கிறது. ஆனால் மூடிய வாயோடு தூங்குகிறேன், அது போதும் எனக்கு.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் சொல்வது இதைத்தான். மூக்குக்குள் பார்க்காதவரிடம் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். தேசிய நிபுணர் பதிவேட்டில் அவர் பெயர் எந்தத் துறையில் இருக்கிறது என்று இணையத்தில் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. கத்தி பிடிக்கப்போவது அவரேதானா என்று கேளுங்கள். அடிபட்ட மூக்குகளை எவ்வளவு காலமாகச் செய்கிறார் என்று கேளுங்கள், அழகுக்காகச் செய்வதும் இதுவும் வேறு வேலை. நேராகவில்லை என்றால் அடுத்து என்ன என்று கேட்கும்போது கோபப்படுகிறவரை விட்டுவிடுங்கள்.

---

சுங்கை_பூலோ_ராஜா | ஞாயிறு, காலை 10:18

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வேலைக்குப் போகிற வழியில் மோட்டாரில் விழுந்து மூக்கு உடைந்தால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) பணம் கிடைக்குமா? என் மச்சானுக்கு நேற்று நடந்தது.

---

பிறை_மோட்டார்காரன் | ஞாயிறு, காலை 10:50

கேட்கலாம் அண்ணே. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி, திரும்பும் வழி இரண்டிலும் நடக்கும் விபத்தை வேலை விபத்தாக எடுத்துக்கொள்வார்கள். சாலை விபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும், இன்றே முடித்துவிடுங்கள். முதல் நாள் பார்த்த இடத்திலேயே மூக்கையும் எழுதச் சொல்லுங்கள். என் முதல் ரிப்போர்ட்டில் கை முறிவு மட்டும்தான் இருந்தது, மூக்கும் அன்றுதான் உடைந்தது என்று நிரூபிக்கப் பல மாதம் அலைந்தேன். சொந்த இன்சூரன்ஸ் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே ஜி.எல்., அதாவது செலவுக்கான உத்தரவாதக் கடிதம், வாங்கிவிடுங்கள். அழகுக்காகச் செய்வதற்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. விபத்தால் வந்த முறிவு, மூச்சு அடைப்பு என்று டாக்டரின் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

---

கவி_செந்தூல் | புதன், மாலை 6:05

நேற்று முடிந்தது. அம்மாவும் வந்தார். டாக்டர் ஒரு மூக்குப் பொம்மையை வைத்து அம்மாவுக்கு விளக்கினார். அதன் பிறகு அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, பிரசாதத் திருநீற்றை மட்டும் தம்பி நெற்றியில் வைத்துவிட்டார். முழு மயக்கம். நான் கேட்டதற்கு, "தண்டையும் பிடித்து நிமிர்த்தினேன், முன்பக்கம் நன்றாக வந்துவிட்டது, பின்னால் கொஞ்சம் வளைவு இருக்கும்" என்று டாக்டரே வெளியே வந்து சொன்னார். மூக்கின் மேல் பிளாஸ்டர் தகடு, உள்ளே பஞ்சு. பஞ்சை நாளை எடுப்பார்கள், தகடு ஏழு நாள். மூச்சு முழுக்க வாயால்தான், உதடு வெடித்துவிட்டது. ராத்திரியெல்லாம் அவனுக்குத் தூக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

---

ஓய்வு_மிஸ்ஸி | புதன், மாலை 6:40

அந்தப் பஞ்சுதான் இதில் பெரிய வேதனை, எடுத்தவுடன் பாதி உயிர் வந்துவிடும். உதட்டுக்கு வாசலின் தடவு. பஞ்சு இருக்கும்போது திடீரென்று அதிகக் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவந்து தடிப்பு, தலைசுற்றல் வந்தால் நாளைவரை காத்திராமல் உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போ. எடுத்த பிறகு கொஞ்சம் ரத்தம் கசியும், பயப்படாதே. அதிகமாக வந்தால் முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சை வாயால் விட வேண்டும். இப்போது எலும்பு புதிது என்பதால், மேலே எலும்பைப் பிடிக்காமல் நுனியின் மெத்தென்ற பகுதியை மட்டும் மெதுவாகப் பிடிக்கச் சொல். பத்து நிமிடத்துக்கு மேலும் நிற்காவிட்டால் எமர்ஜென்சி.

இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்புநீர் தெளிப்பான் கொடுத்திருப்பார்கள், சோம்பல் படாமல் அடிக்கச் சொல், உள்ளே பொருக்கு கட்டாமல் இருக்கும். சட்டை போடும்போது தலை வழியாக மாட்டுகிற டி-ஷர்ட் வேண்டாம், முன்னால் பொத்தான் வைத்ததாகப் போடட்டும்.

---

கவி_செந்தூல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:12

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். தகடு எடுத்து இரண்டு வாரமாகிறது. அவனைக் கீழே உட்கார வைத்து, தலைக்கு மேலே பின்னாலிருந்து படம் எடுத்தேன், அப்படிப் பார்த்தால்தான் கோணல் தெரியும் என்று கிளினிக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். மூக்கின் கோடு நேராக உதட்டின் நடுவுக்கு வருகிறது. வலப்பக்கப் பள்ளம் போய்விட்டது. தொட்டால் ஒரு சின்ன மேடு தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. இடது துவாரத்தில் காற்று போகிறது, ஆனால் வலதை விடக் குறைவு. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்து, மூச்சு தொந்தரவாக இருந்தால் தண்டுக்கு மட்டும் செய்யலாம் என்றார்கள். அதுவரை வேறு யாரிடமும் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பிறைத் தம்பி, நீங்கள் எழுதியதை அவனிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டான்.

ஒன்று கேட்க வேண்டும். நாளை முதல் மோட்டாரில் வேலைக்குப் போகிறேன் என்கிறான். போகலாமா?

---

ஓய்வு_மிஸ்ஸி | ஞாயிறு, மாலை 4:55

மனது நிறைந்திருக்கிறது கவி. மோட்டார் இப்போது வேண்டாம் என்று சொல், முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்தான் காரணம். மாட்டும்போதும் கழற்றும்போதும் அதன் விளிம்பு மூக்கை உரசிக்கொண்டுதான் போகும். ஆறு வாரம் முடியும்வரை நீ காரில் கொண்டுபோய் விடு, முடியாவிட்டால் எல்.ஆர்.டி. ரயிலில் போகட்டும். கண்ணாடி போடுகிறவனா? அதுவும் மூக்கின் மேல் உட்காரக் கூடாது. ஃபுட்சால் ஆறு வாரம் கழித்து, அதுவும் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு.

---

கவி_செந்தூல் | ஞாயிறு, மாலை 5:01

சரி அக்கா. செந்தூல் எல்.ஆர்.டி. நடக்கிற தூரம்தான். ஹெல்மெட்டை எடுத்து அம்மாவின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.